செம்பூர்க் காற்றும் குடிமக்கள் முறையீடும்

2019-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 19-ஆம் தேதி இரவு, பம்பாயின் கிழக்குப் புறநகர்கள் பலவற்றில் இனந்தெரியாத வாயு ஒன்றின் நாற்றம் பரவிற்று. செம்பூர், மான்கூர்ட், காட்கோபர், பவாய் என்று இடத்துக்கு இடம் தொலைபேசிகள் ஓயாமல் ஒலித்தன. சமையல் வாயுக் குழாய் எங்கோ உடைந்துவிட்டது என்று சிலர் எண்ணினர். ரசாயனத் தொழிற்சாலையில் கசிவு என்று சிலர் அஞ்சினர். தீயணைப்பு வண்டிகள் விரைந்தன. குழாய்களைச் சோதித்தார்கள், ஆலைகளைச் சோதித்தார்கள். நாற்றத்தின் பிறப்பிடம் அன்றிரவு புலப்படவில்லை. பொழுது விடிந்தபோது காற்று வழக்கம்போல் இருந்தது. அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில், ஊரடங்கினால் நகரமே ஓய்ந்திருந்த நாட்களில், மறுபடியும் இதே கதை நிகழ்ந்தது.

தீப்பிடித்தால் சாம்பலாவது மிஞ்சும். வெள்ளம் வந்தால் சுவரில் கறையாவது மிஞ்சும். நாற்றம் வந்து போனபின் மிஞ்சுவது யாது? அதை முகர்ந்தவருடைய சொல் ஒன்றே. அந்தச் சொல்லை அதிகாரிகளும் ஆலை முதலாளிகளும் நீதிபதிகளும் புறக்கணிக்க முடியாத சாட்சியமாக ஆக்குவது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள். செம்பூர் வட்டாரத்துக் குடிமக்கள் சிலர் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். பம்பாயிலே வாழும் தமிழர்களுக்கு இது அயலார் கதையன்று. தாராவியில் தோல் பதனிடவந்த திருநெல்வேலிச் சீமையாரும், மாட்டுங்காவில் குடியேறிய அலுவலகக் குடும்பத்தாரும், அங்கு இடம் போதாமல் செம்பூருக்கு நகர்ந்தவர்களும் சுவாசிப்பது இந்தக் காற்றைத்தான்.

செம்பூருக்கு இந்த நிலை ஒரே நாளில் வந்துவிடவில்லை. நாடு விடுதலையடைந்தபின் பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலைகள் அமைக்க இடம் தேடியபோது, டிராம்பே மலைக்கும் மாஹுல் உப்பங்கழிக்கும் நடுவே கிடந்த சதுப்பு வெளி கண்ணில் பட்டது. கப்பல் வந்து நிற்கத்தக்க ஆழ்நீர் பக்கத்தில் இருந்தது. நகரமோ தூரத்தில் இருந்தது. 1954-இல் ஸ்டான்வாக் கம்பெனியின் ஆலையும் 1955-இல் பர்மா ஷெல் ஆலையும் இயங்கத் தொடங்கின. 1956-இல் டாடா அனல் மின் நிலையம் வந்தது; 1965-இல் உரத் தொழிற்சாலை வந்தது. பெட்ரோலிய ஆலைகள் இரண்டும் 1974-இலும் 1976-இலும் அரசாங்கத்தின் வசமாகி, இந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் என்னும் பெயர்களைப் பெற்றன. தூரத்தில் இருந்த நகரம் இதற்குள் நடந்து வந்து ஆலைகளின் மதிலைத் தொட்டுவிட்டது. ஆலை வந்தபின் வீடு கட்டியவர்கள் புகையைப் பற்றிக் குறை கூறலாமோ என்று வாதிப்போர் உண்டு. மாஹுல் கோளி மீனவர்களிடம் இந்த வாதம் எடுபடாது. ஆலைகளுக்கு நெடுங்காலம் முன்பே அவர்கள் அந்தக் கழியில் வலை வீசியவர்கள்.

மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் நாட்டின் தொழிற்பேட்டைகளுக்கெல்லாம் மாசின் அளவுக்கேற்ப மதிப்பெண் வழங்கிற்று. 100-க்கு 70-ஐத் தாண்டிய 43 இடங்கள் மிக அபாயமானவை என்று தீர்மானிக்கப்பட்டு, 2010 ஜனவரியில் அங்கே புதிய தொழில்களுக்கு அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. செம்பூர் பெற்ற மதிப்பெண் 69.19. ஒரு மதிப்பெண்ணுக்கும் குறைவான வித்தியாசத்தில் அது அந்தத் தடைக்குத் தப்பிற்று! பரீட்சையில் ஒரு மதிப்பெண்ணில் தவறியவர்கள் வருந்துவார்கள். இங்கே தவறியதனால் மகிழ்ந்தவர் யார், வருந்தியவர் யார் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இனி, நாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சிறிது பார்ப்போம். ஆலை என்றதும் உயர்ந்த புகைபோக்கியே நம் நினைவுக்கு வருகிறது. புகைபோக்கி கண்ணுக்குத் தெரியும். ஆகையால் பழி அனைத்தும் அதன் தலையில் விழும். மாஹுலில் கிராமத்தார் குறை கூறியதோ பெரும்பாலும் தொட்டிகளைப் பற்றி. பெட்ரோல், பென்ஸீன், டொலுவீன் போன்ற திரவங்கள் எளிதில் ஆவியாகும் இயல்புடையவை. அவற்றைச் சேமித்து வைக்கும் பெருந்தொட்டி, பகல் வெயிலில் சூடேறும்போது உள்ளிருக்கும் ஆவி விரிந்து, காற்றுத் துவாரத்தின் வழியே வெளியேறுகிறது. இரவில் குளிரும்போது வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. தொட்டி மூச்சு விடுகிறது என்று பொறியியலார் இதைச் சொல்வதுண்டு, பொருத்தமான சொல்தான். கப்பலிலிருந்து தொட்டிக்கும் தொட்டியிலிருந்து லாரிக்கும் திரவத்தை மாற்றும் வேளையில், உள்ளே புகும் திரவம் அங்கிருந்த ஆவியை மொத்தமாக வெளியே தள்ளுகிறது. இந்த ஆவியைப் பிடித்து மீண்டும் திரவமாக்கவும், திரவத்தின் மேலேயே மிதக்கும் கூரை அமைத்து ஆவி எழாமல் தடுக்கவும் கருவிகள் உண்டு. அவற்றுக்குப் பணம் வேண்டும், கண்காணிப்பும் வேண்டும்.

அப்படியானால் நாற்றம் இரவிலும் விடியற்காலையிலும் மிகுவதேன்? பகலில் தரை சூடேறி, காற்று மேலெழுந்து, மாசையும் உடன் கொண்டுபோய்விடுகிறது. குளிர்கால இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துப் படிகிறது. அதன் மேலே வெப்பமான காற்று மூடிபோல் அமைந்துவிடுகிறது. மூடியிட்ட பானையில் கொதிக்கும் ரசத்தின் மணம் உள்ளேயே தங்குவதுபோல, ஆவியும் புகையும் குடியிருப்புகளின் உயரத்திலேயே தங்கிவிடுகின்றன. அதிகாரிகள் சோதனைக்கு வருவதோ பெரும்பாலும் அலுவலக நேரத்தில்!

மூக்கு நல்ல காவலாளி. ஆனால் முற்றும் நம்பத்தக்க காவலாளி என்று சொல்வதற்கில்லை. கார்பன் மோனாக்ஸைடு உயிரைப் போக்கும். அதற்கு மணமே இல்லை. அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் ஸல்பைடு, செறிவு மிகும்போது முகரும் சக்தியையே மரத்துப் போகச் செய்துவிடும். நாற்றம் நின்றது என்று நாம் நிம்மதியடையும் நேரமே ஆபத்தான நேரமாக இருக்கலாம். மறுபுறம், சமையல் வாயுவில் கலக்கப்படும் மெர்காப்டன் மிகச் சிறிய அளவிலேயே மூக்கைத் துளைக்கும். எச்சரிப்பதற்காகவே அதைக் கலக்கிறார்கள். ஆகவே, நாற்றம் பலமாக இருப்பதனாலேயே விஷம் என்றோ, நாற்றமில்லாததனாலேயே சுத்தம் என்றோ முடிவுகட்டலாகாது. பென்ஸீன் புற்றுநோய் விளைக்க வல்லது. காற்றில் அதன் ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்று 2009-இல் நம் நாட்டில் வரையறை செய்யப்பட்டது. இத்தனை சிறிய அளவை மனித மூக்கு அறியாது. கருவிதான் அறியும். மக்களின் மூக்கு செய்யக்கூடியது, கருவியை எங்கே, எந்நேரத்தில் வைக்க வேண்டும் என்று காட்டுவது.

மாஹுல் கிராமத்தார் செய்தது இதுவே. மாஹுலையும் ஆம்பாபாடாவையும் சேர்ந்த சிலர், அருகிலிருந்த ரசாயனச் சேமிப்பு நிலையத்தின் ஆவியினால் தங்களுக்குக் கேடு விளைகிறது என்று 2014-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் புனா கிளையில் முறையிட்டனர். 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே அமைந்த மன்றம் இது. கண் எரிகிறது, மார்பு அடைக்கிறது என்று மட்டும் சொல்லி அவர்கள் நின்றுவிட்டிருந்தால் வழக்கு எவ்வளவு தூரம் போயிருக்குமோ! பரேலிலுள்ள கே. இ. எம். மருத்துவமனையின் நிபுணர்கள் அந்தக் கிராமங்களில் நடத்திய சுவாச நோய் ஆய்வு வழக்கில் முன்வைக்கப்பட்டது. ஆய்வுக்கு உட்பட்டவர்களில் 100-க்கு ஏறத்தாழ 67 பேர் மாதத்தில் மூன்று தடவைக்கு மேல் மூச்சுத் திணறியதாகக் கூறியிருந்தனர். 86 பேருக்கு மேல் கண்ணெரிச்சலும், 84 பேருக்கு மேல் மார்படைப்பும் கண்டதாகச் சொல்லியிருந்தனர். தனித்தனி வீட்டில் தனித்தனியே முனகிக்கொண்டிருந்த துன்பம், இவ்வாறு எண்ணிக்கையாகத் திரண்டு மன்றத்தின் மேஜைக்கு வந்தது.

எதிர்த்தரப்பார் சும்மா இருக்கவில்லை. வட்டாரத்தில் ஆலைகள் பல உள்ளன. எந்த ஆவி எவருடையது என்று எப்படிச் சொல்வது என்பது அவர்கள் வாதம். நியாயமான கேள்விதான், பத்துப் பேர் சேர்ந்து ஒருவனை அடித்தால் எந்த அடி எவனுடையது என்று கேட்பது போன்ற கேள்வியும்கூட. 2015 டிசம்பர் 18-இல் வெளியான தீர்ப்பு, காற்றின் நிலையினால் அவ்விரு கிராமத்தாரின் ஆரோக்கியத்துக்கு உணரத்தக்க அபாயம் இருக்கிறது என்று கண்டு, அதைக் குறைக்கத் திட்டம் வகுக்குமாறு மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தைப் பணித்தது. அதன்பின் பங்கு பிரிக்கும் வேலை மத்திய வாரியத்திடம் போயிற்று. எவரெவரிடம் எவ்வளவு ஆவி எழுகிறது என்று அவர்கள் கணக்கிட்டனர். அக்கணக்கின் மேல் 2020 ஆகஸ்டு 13-இல் தீர்ப்பாயம் நான்கு நிறுவனங்களுக்கு ஏறக்குறைய 286 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. ஏஜிஸ் லாஜிஸ்டிக்ஸுக்கு 142 கோடி, இந்துஸ்தான் பெட்ரோலியத்துக்கு 76.5 கோடி, பாரத் பெட்ரோலியத்துக்கு 67.5 கோடி, ஸீ லார்டு கன்டெய்னர்ஸுக்கு 20 லட்சம். இத்தகைய ஆணைகளின் மீது உச்ச நீதிமன்றத்துக்குப் போகச் சட்டம் இடம் கொடுக்கிறது. பணக்கணக்கு அங்கே தீரவேண்டியது. ஆவி எழுகிறது என்பதையும், அது அளக்கத்தக்கது என்பதையும் அரசாங்க ஏட்டில் ஏற்றிவிட்டதே கிராமத்தாரின் பெரிய வெற்றி என்று நான் கருதுகிறேன்.

மாசு செய்தவரே அதற்கு விலை கொடுக்கவேண்டும் என்னும் இந்த நியாயம் நமக்கு எங்கிருந்து வந்தது? தமிழ்நாட்டின் பங்கு இதில் பெரிது. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் சாலைகளின் கழிவினால் கிணறும் கழனியும் கெட்டதைக் கண்டு, வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 1996 ஆகஸ்டு 28-இல் வெளியான அந்தத் தீர்ப்பில்தான், மாசு செய்தவர் ஈடு கொடுக்கவேண்டும் என்ற விதியும், விஞ்ஞானம் முற்றும் உறுதிப்படும்வரை காத்திராமல் கேட்டை முன்கூட்டியே தடுக்கவேண்டும் என்ற விதியும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று அறுதியிடப்பட்டது. 2010-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விரண்டையும் பசுமைத் தீர்ப்பாயத்தின் கடமைகளாகவே எழுதி வைத்தது. வேலூரில் விதைத்தது மாஹுலில் விளைந்தது எனலாம்.

கடலூர் சிப்காட் பேட்டையைச் சுற்றியுள்ள கிராமத்தார் இன்னொரு வழி காட்டினர். 2004-இல் அவர்கள் பிளாஸ்டிக் வாளிக்குள் விசேஷப் பை ஒன்றைப் பொருத்தி, நாற்றம் அடிக்கும் நேரத்திலேயே காற்றைப் பிடித்து, அமெரிக்காவிலுள்ள ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். 22 ரசாயனங்கள் தென்பட்டன; அவற்றுள் 8 புற்றுநோய் விளைப்பவை. கலிபோர்னியாவில் எண்ணெய் ஆலை ஒன்றின் அண்டையில் வாழ்ந்த மக்களுக்காக 1990-களில் உருவான உபாயம் இது. வாளி பிடித்தவர்களுக்கு ரசாயனப் பட்டம் கிடையாது. எந்நேரத்தில், எந்தத் திசைக் காற்றில், என்ன நாற்றம் என்று குறிப்பெழுதப் பழகியிருந்தார்கள். ஆகையால்தான் எப்போது வாளியைத் திறக்கவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பம்பாய்க்குத் திரும்புவோம். புகையினால் துன்புற்ற குடியிருப்போர் சங்கம் 1999-இல் உயர்நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் பயனாக, போக்குவரத்துக் கமிஷனர் வி. எம். லால் தலைமையில் குழு அமைந்தது. பழைய டாக்சிகள் இயற்கை வாயுவுக்கு மாறலாயின. செம்பூரை ஒட்டிய தேவ்னார் குப்பைமேடு வேறொரு தொல்லை. 1927 முதல் நகரத்தின் குப்பை அங்கே குவிந்து வந்திருக்கிறது. மக்கும் குப்பையின் உள்ளே மீதேன் வாயு பிறக்கிறது. அது தீப்பற்றினால் மேட்டின் அடிவயிற்றிலேயே நின்று எரியும். மேலே நீர் ஊற்றினால் எளிதில் அணையாது. 2016 ஜனவரி இறுதியில் மூண்ட தீயின் புகை விண்வெளிக் கோள்களின் படத்திலும் தென்பட்டது. அண்டையிலிருந்த பள்ளிகள் மூடப்பட்டன.

அந்தக் குப்பைமேட்டை நான் குறிப்பிடக் காரணம் உண்டு. 2024-இல் மாநில அரசாங்கம், தேவ்னாரில் 124 ஏக்கரைத் தாராவி மறுகுடியமர்த்தலுக்காக ஒதுக்கத் தீர்மானித்தது. தாராவியிலேயே வீடு பெறத் தகுதியில்லை என்று கணக்கிடப்படுவோருக்கு நகரின் வேறிடங்களில் வீடு என்பது ஏற்பாடு. அவர்களிலே தமிழ்க் குடும்பங்களும் அடங்கும். இந்நிலையில் மாஹுலில் நடந்த மற்றொரு சம்பவம் கவனிக்கத்தக்கது. தான்ஸா குடிநீர்க் குழாயோரத்துக் குடிசைகளை அகற்றியபோது, அங்கிருந்தவர்களை 2017 முதல் மாஹுலில் ஆலைகளின் எதிரே கட்டப்பட்ட 72 அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு அனுப்பினார்கள். சுவரும் கூரையும் கிடைத்தன, காற்று கிடைக்கவில்லை. இருமலும் தோல் நோயும் கண்டவர்கள், 2018 அக்டோபரிலிருந்து வித்யாவிஹாரில் தெருவோரத்திலேயே அமர்ந்து கிளர்ச்சி செய்தனர். அதே ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் தேதி பாரத் பெட்ரோலியம் ஆலையில் நேர்ந்த வெடியும் தீயும், அச்சம் வீண் அச்சமன்று என்பதை எல்லோருக்கும் உணர்த்தியிருந்தன. 2019 செப்டம்பர் 23-இல் பம்பாய் உயர்நீதிமன்றம், எவரையும் மாஹுலுக்குப் போகுமாறு கட்டாயப்படுத்தலாகாது என்றும், மாற்றிடம் தர இயலாவிடில் மாதம் 15,000 ரூபாய் வாடகையும் 45,000 ரூபாய் முன்பணமும் கொடுக்கவேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. உயிர் வாழும் உரிமையில் சுத்தமான காற்றும் சேர்ந்தது என்பதே அதன் அடிப்படை.

மாஹுல் மக்கள் குடியேறியபின் போராடினார்கள். தாராவி மக்களுக்கு இன்னும் குடியேறுவதற்கு முன்பே கேட்கும் வாய்ப்பு இருக்கிறது. குப்பையை அகற்றியபின் மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்தார்களா, மீதேன் எவ்வளவு எழுகிறது, அளந்தவர் யார், எந்தத் தேதியில் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பம் எழுதலாம். 30 நாட்களுக்குள் பதில் அளிப்பது அதிகாரியின் கடமை. மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைமை அலுவலகமோ சயானில் இருக்கிறது; தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் அது கூப்பிடு தூரம்.

இல்லத்திலிருந்தே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பள்ளிச் சிறுவர் எழுதும் கோடிட்ட நோட்டுப் புத்தகம் போதும். நாற்றம் தொடங்கிய தேதி, மணி, எவ்வளவு நேரம் நீடித்தது, காற்று எத்திசையிலிருந்து வந்தது என்று எழுதவேண்டும். திசை அறிய மாடிக்கொடியில் உலரும் வேட்டியே போதிய கருவி. நாற்றம் எதைப் போன்றது என்பதை நமக்குத் தெரிந்த பொருளின் பெயரால் சொல்லவேண்டும். அழுகிய முட்டை, மண்ணெண்ணெய், நகச்சாயம், மூத்திர நெடி என்று எழுதினால் ரசாயனம் கற்றவர் ஓரளவு இனம் கண்டுகொள்வார். வீட்டில் எவருக்கு என்ன உபாதை, மருத்துவரிடம் போனால் அவர் எழுதிய சீட்டு ஆகியவற்றையும் சேர்க்கவேண்டும். ஆலையின் பெயரை ஊகித்து எழுதலாகாது; அது சாட்சியின் வேலையன்று. ஒரு வீட்டின் நோட்டுப் புத்தகத்தைவிட, ஒரே கட்டடத்தின் வெவ்வேறு மாடிகளில் ஒருவரையொருவர் கேளாமல் எழுதிய ஐந்து புத்தகங்கள் ஒத்துப்போனால் அவற்றின் மதிப்பு பன்மடங்கு. தேதி அவசியம் என்று வற்புறுத்துவதற்கும் காரணம் இருக்கிறது. பசுமைத் தீர்ப்பாயத்தில் தகராறைக் கிளப்ப, வழக்குக்குக் காரணம் முதலில் தோன்றியதிலிருந்து 6 மாதமே கெடு. ஈட்டுத்தொகை கோருவதற்கு 5 ஆண்டு. நெடுநாளாக நாறுகிறது என்று சொல்பவர் இந்தக் கெடுவில் அகப்பட்டுக்கொள்வார்.

செம்பூர்த் தமிழர் பலருக்கு அந்த ஆலைகளே சோறு போட்டன என்பதையும் மறைப்பதற்கில்லை. தகப்பன் ஆலைக்குப் போக, மகன் ஆலையின் மீது மனுப்போடுவதா என்று தயங்கிய வீடுகள் உண்டு. ஆவியைப் பிடிக்கும் கருவி பழுதாகியிருந்தால் முதலில் அதைச் சுவாசிப்பவர் மதிலுக்கு உள்ளே நிற்கும் தொழிலாளியே அன்றோ? எந்த வால்வு கசிகிறது என்பதும் வெளியாரைவிட அவருக்கே நன்றாகத் தெரியும்.

கடைசியாக விபத்தைப் பற்றி. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவில் போபாலில் விஷவாயு கசிந்தபோது, அது இன்ன வாயு என்றோ, எப்படித் தப்புவது என்றோ சுற்றுப்புறத்தாருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. பலர் காற்று வீசிய திசையிலேயே ஓடினர். அதன்பின் வந்த 1989-ஆம் ஆண்டு அபாய ரசாயன விதிகள், ஆலையின் மதிலுக்கு வெளியே வாழ்வோருக்கும் அபாயத்தின் தன்மையையும், விபத்து நேர்ந்தால் செய்யத்தக்கவை தகாதவைகளையும் முன்கூட்டியே அறிவிக்கவேண்டும் என்று கட்டளையிடுகின்றன. செம்பூரிலோ மாஹுலிலோ வாழும் நேயர்கள் தங்கள் வீட்டுக்கு அத்தகைய அறிவிப்பு எப்போதாவது வந்ததுண்டா என்று எண்ணிப் பார்க்கட்டும். வராதிருந்தால் எழுதிக் கேட்கலாம். அதுவரையில் நினைவிற்கொள்ளவேண்டியது இவ்வளவே: வாயு பரவினால் அடுப்பை அணைத்து, சன்னல் கதவுகளைச் சாத்தி உள்ளே இருத்தல் பெரும்பாலும் நலம், வெளியேற நேர்ந்தால் காற்று வீசும் திசையிலும் போகாமல், அதற்கு எதிராகவும் போகாமல், குறுக்கே நடக்கவேண்டும். அம்மோனியா போன்று நீரில் கரையும் வாயுவானால் மூக்கில் ஈரத்துணியைப் பிடிப்பது ஓரளவு உதவும். ஆபத்து நீங்கியபின், அன்றிரவே, நோட்டுப் புத்தகத்தை எடுத்து மணியைக் குறித்துக்கொள்ளவேண்டும். காலையில் மணி மறந்துவிடும்.